சோப்புப் பானையில் இரண்டு கை உப்பு

நர்ஸ் பெரியவரை மெல்ல ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். சட்டையைத் தூக்கிவிட்டு, குனிந்து முதுகை விரலால் தொட்டுப் பார்த்தாள். கட்டிலின் மறுபக்கம் நின்ற மருமகள் எட்டிப்பார்த்தாள்.

"படுக்கைப்புண்ணா சிஸ்டர்?"

"இன்னும் அந்த அளவுக்குப் போகல. இப்படியே விட்டா போயிடும்." நர்ஸ் விரிப்பின் ஓரத்தைச் சுருட்டி மூக்கில் வைத்துப் பார்த்தாள். "எதுல துவைக்கிறீங்க?"

"கடைத் தூள்லதான். வாசனையா இருக்கட்டும்னு கொஞ்சம் கூடவே போடுவேன்."

"அந்த வாசனைதான் இப்ப இவர் முதுகுல ஏறி உக்காந்திருக்கு."

பெரியவரின் முதுகு முழுவதும் தணல் பட்டதுபோல் சிவந்திருந்தது. இடுப்புக்கு மேலே சிறு கொப்புளங்கள். வயதானவர்களின் தோல் வெங்காயச் சருகு மாதிரி என்றாள் நர்ஸ். தூள் துணியை விட்டு முழுசாகப் போகாது, நாள் முழுக்க அதன்மேலேயே படுத்திருக்கிறவருக்கு அது மெல்ல மெல்லத் தோலைத் தின்றுவிடும். வாசனையும் வண்ணமும் இல்லாத வெறும் சோப்பில் துவைத்து, நன்றாக அலசிப் போட வேண்டும். "எங்கம்மா வீட்லயே காய்ச்சுவாங்க. எண்ணெயும் காரமும்தான், வேற என்ன இருக்கு அதுல," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

மருமகள் தெருவில் இருந்த எல்லாக் கடையிலும் ஏறி இறங்கினாள். ஒன்றில் மல்லிகை, ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் பெயரே தெரியாத ஏதோ பூ. "வாசனை இல்லாத சோப்பை யாரும்மா வாங்குவா?" என்றார் கடைசிக் கடைக்காரர். "அப்படி ஒண்ணு வந்தா நானே விக்க மாட்டேன்."

அன்று மாலை கணவன் அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் தன் அண்ணனுக்குப் போன் போட்டான். ஒளிக்காமல் சொல்லிவிடுவது அவன் சுபாவம். அண்ணன் வேறு ஊரில் கணக்கர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"என் வீட்டுக்குப் பக்கத்துல ஒரு முதியோர் இல்லம் இருக்கு. நல்ல இடம், நானே போய்ப் பாத்துட்டேன். அடுத்த மாசம் முதல் ஞாயிறு வண்டி எடுத்துட்டு வர்றேன். முதுகு ஆறியிருந்தா சரி. இல்லேன்னா அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடறேன். நீ தப்பா எடுத்துக்காதேம்மா. வேலைக்கும் போகணும், வீட்டையும் பாக்கணும், அவரையும் பாக்கணும். எத்தனை கை இருக்கு உனக்கு?"

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அன்பாகச் சொன்னதால் 'சரி அத்தான்' என்றுதான் சொல்ல முடிந்தது. ஸ்பீக்கர் சத்தம் கட்டில்வரை கேட்கும் என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. பெரியவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். பக்கவாதம் அவருடைய பேச்சையும் ஒரு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு போயிருந்ததே தவிர, காதை விட்டுவைத்திருந்தது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இரவுச் சாப்பாட்டுக்குக் கரண்டியைக் கொண்டுபோனபோது வாயைத் திறக்கவில்லை.

அவள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், நூல் மில் கேன்டீனில் சமையல் வேலை கிடைத்தது. விடிவதற்கு முன்பே பஸ் பிடிக்க வேண்டும். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். மாமனார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாள் அவள் தெருமுனையைத் தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவர், கழுத்தில் துண்டோடு. பஸ் வரும்வரை நிறுத்தத்தின் மறு ஓரத்தில், வேறு யாருக்கோ காத்திருக்கிறவர்போல் நின்றார். அவள் ஏறியதும் திரும்பிப் போனார். மறுநாளும் அப்படித்தான். கை கால் விழும்வரை ஒரு நாளும் தவறவில்லை. அதைப் பற்றி அவர்கள் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. அப்படி நின்ற மனிதரை ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு அவள் எந்த முகத்தோடு அந்த நிறுத்தத்தில் போய் நிற்பாள்?

கேன்டீனில் அவளுடன் காய் நறுக்குகிறவளுக்குக் 'கத்தி' என்று பெயர். கையில் இருப்பதற்காகவா, வாயில் இருப்பதற்காகவா என்று யாரும் விசாரித்ததில்லை. பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயை மருமகள் தகரத்தில் சேர்ப்பதைப் பார்த்துக் கத்தி கேட்டாள்:

"அது எதுக்குடி?"

"வெளிய கொட்டறதுதானேக்கா. மேனேஜர்கிட்ட கேட்டுட்டேன். சோப்பு காய்ச்சப் போறேன்."

"எண்ணெய்க்கறை போகணும்னு ஊரே சோப்பு போடுது. நீ எண்ணெயையே சோப்பாக்கப் போறியா? அடுத்து சேத்துல முகப்பவுடர் பண்ணுவ போல."

மருமகள் சிரித்தாள். ஆனால் தகரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

கணவன் எலக்ட்ரீஷியன். போனில் நாலைந்து வீடியோ பார்த்துவிட்டு, நர்ஸ் சொன்ன காரத்தை, அதாவது காஸ்டிக் சோடாவை, ஹார்டுவேர் கடையில் வாங்கி வந்தான். கடைக்காரர் சொன்னதை வாசலிலிருந்தே ஒப்பித்தான். "தண்ணியில இதைப் போடணும், இதுமேல தண்ணியை ஊத்தவே கூடாது. கையில உறை போடணும். ஜன்னலைத் திறந்து வைக்கணும். முகத்தைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. இவ்வளவும் சொல்லிட்டு, 'என்ன சார், சாக்கடை அடைச்சிருக்கா'ன்னு கேக்கறார்."

குளிர்ந்த தண்ணீரில் அந்த வெள்ளைத் துண்டுகளைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்கினாள். அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை. ஆனாலும் பாத்திரம் சூடேறியது. வெளிப்பக்கம் தொட்ட விரலை அவள் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். ஆவி எழுந்தது. வாழ்நாளெல்லாம் அடுப்பு முன்னால் நின்றவள் அவள். நெருப்பில்லாமல் கொதிக்கிற தண்ணீரை அன்றுதான் பார்த்தாள். யாருடைய வீட்டிலோ அனுமதியில்லாமல் நுழைந்துவிட்டவள்போல் ஒரு எட்டு பின்னால் நின்றுகொண்டாள்.

அந்த முதல் சோப்பு உருப்படவில்லை. சமையலில் எல்லாம் கண்ணளவுதான் அவளுக்கு. சோப்புக்கும் எண்ணெயையும் காரத்தண்ணீரையும் அப்படியே ஊற்றிக் கலக்கினாள். அச்சில் ஊற்றி, சில நாள் கழித்து வெட்டிப் பார்த்தபோது செங்கல் நிறத்தில் கெட்டியாகத்தான் இருந்தது. சோப்பை ஈர விரலால் தேய்த்து, விரலை நாக்கு நுனியில் தொட்டுப் பார்க்க வேண்டும், சுரீர் என்றால் காரம் மிச்சமிருக்கிறது என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அவள் தொடுவதற்கு முன் கணவன் தொட்டான். தொட்டவன் குழாயடிக்கு ஓடினான்.

"இத்தனை வருஷமா கரண்ட் வேலை பாக்கறேன்," என்றான், வாயைக் கொப்பளித்துக்கொண்டே. "நாக்குல ஷாக் வாங்குனது இதான் முதல் தடவை."

அதைப் பெரியவர் முதுகுப் பக்கம் கொண்டுபோக முடியாது. கழிவறைத் தரை கழுவ ஒதுக்கிவைத்தாள்.

இரண்டாம் தடவை கேன்டீன் தராசைக் கேட்டு வாங்கி வந்து எண்ணெயையும் காரத்தையும் நிறுத்தாள். இந்த முறை அச்சில் ஊற்றாமல், பெரிய எவர்சில்வர் பானையில் வைத்து அடுப்பிலேயே காய்ச்சினாள். ஞாயிற்றுக்கிழமை. சமையலறை ஜன்னல் இரண்டும் திறந்திருந்தன. கிளறக் கிளற எண்ணெயும் தண்ணீரும் வேற்றுமையை மறந்து ஒன்றாகி, கஞ்சிபோல் குழைந்து வந்தன. நாக்கில் தொட்டுப் பார்த்தாள். சுரீர் என்று இல்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை. நிறம் சேற்று நிறம். அதைவிட, நாற்றம். கேன்டீனில் ஒரு மாதமாகப் பொரித்த மீனும் வெங்காயமும் அந்தப் பானைக்குள்ளேயே இருந்தன. துவைத்த விரிப்பில் அது ஏறாமல் இருக்குமா? கருகின எண்ணெயின் கசடு அந்தத் தோலைச் சும்மா விடுமா? கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கி, மறுபடி கொதிக்கவிட்டு, பக்கத்திலேயே நின்றாள்.

"கடவுளே," என்று சொன்னாள். அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. சோப்புக்காக எப்படிப் பிரார்த்தனை செய்வது?

உள்ளே கட்டில் சட்டத்தில் தட்டும் சத்தம் கேட்டது. பெரியவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். பேச்சு போன பிறகு நல்ல கையால் கட்டிலைத் தட்டித்தான் எதையும் கேட்பார். ஓடிப்போய் அவரைத் திருப்பிப் படுக்கவைத்தாள். முதுகில் துணி ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள்.

திரும்பி வரும்போது அவள் நினைவு முழுவதும் அந்த முதுகில்தான் இருந்தது. பானை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. கொதிக்கிற பானையைக் கண்டால் சமையல்காரியின் கை எங்கே போகும்? அது யாரையும் கேட்காமல் உப்பு ஜாடிக்குப் போனது. நூறு பேர் சாப்பாட்டுக்கு உப்புப் போட்டுப் பழகின கை. ஒரு கை நிறையக் கல்லுப்பு, அதன்மேல் இன்னொரு கை.

போட்ட பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவளுக்குத் தெரிந்தது.

பானைக்குள் எல்லாம் திரிந்துபோயிற்று. கெட்டுப்போன பால்போல் திட்டுத் திட்டாகப் பிரிந்து, நடுவில் பழுப்புத் தண்ணீர் நின்றது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, மூடியைப் போட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கணவன் வந்து எட்டிப்பார்த்தான். "என்ன ஆச்சு?"

"உப்பைப் போட்டுட்டேங்க."

"எதுல?"

"சோப்புல."

அவன் சற்று யோசித்தான். "ருசி பாத்தியா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவனும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். தாங்கள் அப்பாவுக்குச் செய்ய நினைத்தது இப்படிக் கையை விட்டுப் போகிறதே என்ற வருத்தம் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் யாரும் யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்த வீட்டில் அன்று நடந்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று என்று எழுதிவைக்கலாம்.

பொழுது சாயும் நேரத்தில் பானையைக் கவிழ்த்துக் கழுவலாம் என்று எழுந்துபோய் மூடியைத் திறந்தாள்.

முதலில் வேறு பானையைத் திறந்துவிட்டோமோ என்று நினைத்தாள். மேலே, பானை வாயளவுக்கு வட்டமாக, இளவெள்ளையில் ஒரு கட்டி மிதந்துகொண்டிருந்தது. மெழுகு மாதிரி. அகப்பையால் மெல்ல அழுத்தினாள். ஓரம் விலகி, அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் கசிந்தது. அத்தனை கசடும், அத்தனை கருகலும், பொரித்த மீனின் துணுக்குகளும் கீழே போய்ச் சேர்ந்திருந்தன. மேலே இருந்ததில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

அவள் கட்டியை இரண்டு கையாலும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இன்னும் இளஞ்சூடாக இருந்தது. முகர்ந்தாள். மீன் வாசனை கொஞ்சம்தான் மிச்சம். எண்ணெய் துணியில் பட்டால் கறை. காரம் துணியில் பட்டால் ஓட்டை. ஒன்றுக்கொன்று ஆகாத அந்த இரண்டும் சேர்ந்து, தங்களையே இல்லாமலாக்கிக்கொண்டு, துணியை வெளுக்கிற ஒன்றாகிவிட்டன. போதாததற்கு, இரண்டு கை உப்பைக் கண்டதும் அழுக்கு தானாகவே ஒதுங்கிக் கீழே போய்விட்டது. இந்த ஒழுங்கை அவள் செய்யவில்லை. அவள் செய்தது ஒரு தப்பு. அந்தத் தப்பையும் ஏந்திக்கொள்ள ஒரு ஒழுங்கு ஏற்கனவே அங்கே காத்திருந்தது. அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே, எந்த அடுப்பிலும், எந்தப் பானையிலும்.

"ஏங்க," என்று கூப்பிட்டாள். அவன் வந்து பார்த்தான். விளையாட்டுப் பேச்சுக்குப் பஞ்சமில்லாத மனிதன், சுவிட்சைத் தட்டி விளக்கைப் போட்டு, மறுபடி பார்த்தான்.

அடுத்த முறை தெரிந்தே உப்புப் போட்டாள். அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கட்டியைப் புதுத் தண்ணீரில் உருக்கி, மீண்டும் உப்பு. இன்னும் வெளுத்தது. பிறகு இன்னொரு முறை. கடைசியில் அதில் எந்த வாசனையும் இல்லை. கழுவின தட்டைப்போல் இருந்தது.

ஆனாலும் எடுத்தவுடன் பெரியவர் விரிப்பில் போட அவளுக்கு மனம் வரவில்லை. முதலில் தன் உள்ளாடைகளைத் துவைத்துப் போட்டுக்கொண்டு கேன்டீன் அடுப்பு முன்னால் வேர்த்து நின்றாள். அரிக்கிறதா என்று அடிக்கடி தோளை அசைத்துப் பார்த்துக்கொண்டதைக் கத்தி கவனித்துவிட்டாள். விஷயத்தைக் கறந்தும் விட்டாள்.

"உன் தோல் எருமைத் தோலுடி. அதுல சோதிச்சு என்ன பிரயோஜனம்?" என்றாள். "ஒரு துண்டு வெட்டி இங்க குடு. வெங்காயம் நறுக்குனாலே எனக்குக் கை தடிச்சுப்போகும், உனக்குத் தெரியும்ல. எனக்கு அரிக்கலேன்னா யாருக்கும் அரிக்காது."

"வேண்டாங்க்கா. ஏதாவது ஆயிட்டா?"

"ஆனா என்ன? ரெண்டு நாள் சொறிவேன். உங்க மாமனாரால சொறியக்கூட முடியாதே."

கத்தி தன் படுக்கை விரிப்பையே அதில் துவைத்து ஒரு வாரம் அதன்மேல் தூங்கினாள். பிறகு ஒரு காலையில், காய்க்கூடையைக் கீழே வைத்துவிட்டு, ரவிக்கைக் கையை மேலே தள்ளிக் காட்டினாள். ஒரு தடிப்பு இல்லை. "போய்த் துவை," என்றாள், யாரோ கடன்காரியை விரட்டுகிறவள்போல.

விரிப்புகள், சட்டைகள், தலையணை உறைகள் எல்லாவற்றையும் மருமகள் அந்தச் சோப்பில் துவைத்தாள். தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசினாள். நர்ஸ் அடுத்த முறை வந்தபோது கொப்புளங்கள் காய்ந்திருந்தன. "சோப்பு மருந்து இல்ல, தெரிஞ்சுக்கோங்க," என்றாள் நர்ஸ். "தொல்லை பண்ணுனதை எடுத்துட்டீங்க. திருப்பித் திருப்பிப் படுக்கவைக்கிறீங்க. மிச்சத்தை உடம்பே பாத்துக்குது." அதைக் கேட்டு மருமகளுக்கு வியப்பு இன்னும் கூடத்தான் செய்தது. பானைக்குள் பார்த்த அதே ஒழுங்கு இந்த முதுகுக்குள்ளும் வேலை செய்கிறதா?

முதல் ஞாயிறு வந்தது. வண்டியும் வந்தது. அண்ணன் டிரைவரை வாசலில் இருக்கச் சொல்லிவிட்டு நேராக அப்பாவின் கட்டிலுக்குப் போனார். தம்பி சட்டையைத் தூக்கிக் காட்டினான். தோள்களும் நடுமுதுகும் தெளிந்திருந்தன. ஆனால் இடுப்புக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு இன்னும் இருந்தது.

"நல்லா ஆறியிருக்கு," என்றார் அண்ணன் மெதுவாக. "முழுசா ஆறலியே."

தம்பி தரையைப் பார்த்தான். பெரியவர் நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

மருமகள் வாதாடவில்லை. துணிப்பை ஒன்று ஏற்கனவே மடித்துவைத்திருந்தாள். "அவரோட துணி எல்லாம் இதுல இருக்கு அத்தான். சோப்பு இன்னும் ஆகல. அடுப்புல இருக்கு. கொஞ்சம் பொறுத்தீங்கன்னா இளக்கமாவே ஒரு டப்பால குடுத்துடறேன். அங்க இவர் துணியை மட்டும் இதுல துவைக்கச் சொல்லுங்க. அப்பறம் நல்லா அலசணும்."

அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். பெரிய பானை. அதில் பழுப்பாக ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. "இதுவா?" என்றார். முகம் சுளித்தது. "இதிலேயா துவைக்கிறே?"

"இன்னும் உப்புப் போடல அத்தான். நீங்களே போடுங்களேன். ரெண்டு கை. எட்ட நின்னே போடுங்க."

கணக்கெழுதும் கை உப்பு ஜாடிக்குள் தயங்கித் தயங்கிப் போயிற்று. ஒரு கை போட்டார். இன்னொரு கை. கிளறிவிட்டு அவள் தீயைக் குறைத்தாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரத்தில் லேசாகப் பிரிந்தது. பிறகு எல்லா இடத்திலும். பழுப்பின் நடுவிலிருந்து வெள்ளை, ஒரு கூட்டம் வழிவிட்டதுபோல், மேலே வந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"எப்படிம்மா?"

"எனக்குத் தெரியாது அத்தான். கை தெரியாம போட்டுச்சு. அப்பறம் இப்படி ஆச்சு."

அவர் அடுப்படியிலேயே நின்றார். பிறகு, அவளைப் பார்க்காமல் கேட்டார்: "இது எனக்குக் குடுக்கிறதுக்குன்னு காய்ச்சினியா? நான் கூட்டிட்டுப் போவேன்னு தெரிஞ்சேவா?"

"அங்க போனாலும் அதே முதுகுதானே அத்தான்."

அந்த இல்லத்தில் துவைக்கும் அறையை அவர் பார்த்திருக்கிறார். பெரிய மெஷின், எல்லாருடைய விரிப்பும் ஒன்றாகச் சுற்றும், கமகமவென்று வாசனை வரும். சுத்தமான இடம் என்று அன்று சந்தோஷப்பட்டுத்தான் வந்தார்.

குளியலறை வாளியில் காலையில் மாற்றிய விரிப்பு ஊறிக்கொண்டிருந்தது. அவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்க் குந்தி உட்கார்ந்தார். "ஒரு துண்டு சோப்பு குடும்மா. பழசு இருந்தா குடு."

"அத்தான், நீங்க எதுக்கு?"

"அப்பா எனக்கு எத்தனை துவைச்சுப் போட்டிருப்பார். நான் அவருக்கு ஒண்ணுகூடத் துவைச்சதில்ல."

அவருக்குத் துவைக்கவும் தெரியவில்லை. நுரை முழங்கைவரை வழிந்தது. நுரையில் எந்த வாசனையும் இல்லை, வெறும் வெண்மை. தம்பி வந்து வாசலில் நின்று பார்த்தான். பிறகு குழாயைத் திறந்து, கூடவே அலசிவிட்டு, விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் எதிரெதிராக நின்று, ஒருவர் இந்தப்பக்கமும் மற்றவர் அந்தப்பக்கமும் முறுக்கினார்கள்.

"இன்னும் இறுக்கு," என்றார் அண்ணன்.

"நீ மாத்தி முறுக்குறேண்ணா. நான் இந்தப் பக்கம் சுத்துனா நீ அந்தப் பக்கம் சுத்தணும்."

"தெரியும்டா."

"தெரிஞ்சா ஏன் அவிழுது?"

வாசலிலிருந்து டிரைவர் எட்டிப்பார்த்தார். "சார், கிளம்பலாமா? வெயில் ஏறிடும்."

அண்ணன் திரும்பவில்லை. கையில் முறுக்கேறிய விரிப்போடு அவளைக் கேட்டார்: "அந்தச் சோப்பு எப்ப இறுகும்?"

"நாளைக்குக் காலையில வெட்டலாம் அத்தான்."

"அப்ப நீ போப்பா," என்றார் டிரைவரிடம். "நான் நாளைக்கு பஸ்ல வந்துக்கறேன். அப்பா வரல." பிறகு தம்பியைப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை விரிப்பு எல்லாம் எடுத்துவை. மாசத்துக்கு ரெண்டு தடவையாவது வர்றேன்," என்றார்.

மருமகள் உள்ளே போய்ப் பெரியவரிடம் சொன்னாள். அவருக்கு ஏற்கனவே கேட்டிருந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்திருந்தன. காலைச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அவள் கரண்டியை எடுத்தபோது அவரே வாயைத் திறந்தார்.

குளியலறையில் அண்ணனும் தம்பியும் இன்னும் முறுக்கிக்கொண்டிருந்தார்கள். விரிப்பிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் ஓடி வாசற்படி வழியாக வெளியே வந்தது. அவள் ஊட்டிக்கொண்டே அதைப் பார்த்தாள். அடியில் சிமெண்ட் தரையில் பதிந்திருந்த ஒவ்வொரு சிறுகல்லும் தெரியும் அளவுக்கு அது தெளிவாக இருந்தது.